வெட்டாமல் விட்ட கட்டு

கீழ்க்காலுக்குக் கட்டுப் போட மூன்று பேர் வேண்டும். ஒருவர் காலைப் பிடிக்க. ஒருவர் சுற்ற. மூன்றாமவர் கால் முறிந்தவர். நான் இருபத்தாறு வருடம் சுற்றினேன். போன வருடம் வேலையில் இருந்து இளைப்பாறினேன்.

ஆஸ்பத்திரியில் ஆண்டு மலர் ஒன்று அச்சுப் போடுகிறார்கள். கட்டு அறையில் இப்போது வேலை செய்கிற பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"ஐயா, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ."

"எனக்கு எழுத வராது பிள்ளை. எட்டாம் வகுப்போட நிண்டவன்."

"கதைக்கிற மாதிரி எழுதுங்கோ. நாங்கள் திருத்துவம். கொஞ்சம் சந்தோசமான விசயமா இருந்தா நல்லம்."

திருத்துங்கள், மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். சந்தோஷமான விஷயத்துக்கு வேறு ஆளைப் பார்க்கவும் சொன்னேன். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்.

இப்போது ஃபைபர் கட்டு வந்துவிட்டது. நீலம், பச்சை, ரோஸ் நிறங்களில் வருகிறது. பாரம் இல்லை. தண்ணீர் பட்டால் கரையாது. சிலருக்குக் கழற்றிப் பூட்டுகிற சப்பாத்து மாதிரி ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்லது. நனைத்தால் இறுகுகிற பழைய வெள்ளை மாச் சுருள் போனதில் எனக்குத் துக்கம் இல்லை. அது கையைத் தின்கிற சாமான். ஆனால் எந்த நிறத்தில் வந்தாலும் கட்டு இறுகும். உள்ளே கால் வீங்கும். அது மாறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்தது கூட்டித் துடைக்க. கட்டு அறையில் ஆள் இல்லாத நாளில் கால் பிடிக்கக் கூப்பிட்டார்கள். பிடித்தேன். பிறகு சுற்றவும் விட்டார்கள். சண்டை நாட்களில் சுருள் வராது. பனைமட்டையும் பெட்டி மட்டையும் சீலைத் துண்டும் வைத்துக் கட்டினோம். அதைப் பற்றி எழுதவில்லை. எழுதத் தொடங்கினால் நிற்காது.

ஒழுங்காகப் பழகியது சண்டை முடிந்த பிறகு. எலும்பு டொக்டர் ஒருவர் கிழமைக்கு மூன்று நாள் வருவார். என்னை விடப் பத்து வயது குறைவு. மெலிந்த ஆள். ஒருவரையும் 'நீ' என்று சொல்ல மாட்டார். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகக் கதைப்பார். அப்போது எங்களுக்குப் பயம் வரும்.

அவர் காட்டித் தந்த முறை இதுதான்.

ஆளை மேசை ஓரத்தில் இருத்த வேண்டும். முழங்கால் மடிந்து கால் தொங்க வேண்டும். தொங்கினால் பின் சதை தளரும். பாதத்தை மேலே தள்ளிச் சுவர் மூலை மாதிரி நேர்கோணத்தில் பிடிக்க வேண்டும். பாதம் கீழே சரிந்து இறுகினால், கட்டுக் கழற்றிய பிறகு அந்த ஆள் குதியை ஊன்ற மாட்டார். முதலில் வழுவழுப்பான துணி உறை. அதற்கு மேல் பஞ்சு, பாதிக்குப் பாதி ஏறி வரும்படி இரண்டு சுற்று. குதிக்கும் இரண்டு கணுக்கால் முட்டுக்கும் இன்னும் ஒரு துண்டு. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு எலும்பு முட்டு இருக்கிறது. அதற்கும் ஒன்று. அந்த இடத்தில் நரம்பு ஓடுகிறது. அமுங்கினால் பாதம் தூக்க வராது.

சுருளைத் தண்ணீரில் விட்டால் குமிழ் வரும். குமிழ் நின்றதும் எடுத்து, இரண்டு நுனியையும் பிடித்து மெல்லப் பிழிய வேண்டும். சுற்றும்போது சுருள் காலில் உருள வேண்டும். இழுக்கக் கூடாது. உள்ளங்கையால் தடவ வேண்டும். விரல் நுனி படக்கூடாது. கடைசியில் ஐந்து கால் விரலும் வெளியே தெரிய வேண்டும். சின்ன விரல் உள்ளே போனாலும் கட்டுப் பிழை.

விரல் நுனி படக்கூடாது என்பதை நான் முதலில் கணக்கெடுக்கவில்லை. ஜெயபுரத்தில் இருந்து வயல் செய்கிற கமக்காரர் ஒருவர் கால் முறிந்து வந்தார். ஆறு கிழமையில் கட்டைக் கழற்றினோம். குதிக்கு மேலே குழி விழுந்து புண்ணாகி இருந்தது. டொக்டர் என் வலது கையைப் பிடித்தார். பெருவிரலை அந்தப் புண்ணுக்கு மேலே, படாமல், கொண்டுபோய்ப் பிடித்தார். இரண்டும் ஒரே அளவு.

"இது உங்கட விரல்" என்றார்.

கமக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பரவாயில்லைத் தம்பி, இனி எங்க கண்டாலும் உம்மை அடையாளம் காட்டலாம்."

கட்டு வெட்டுகிற வாள் இன்னொரு பிரச்சினை. மின்சாரத்தில் ஓடும். சுற்றாது, அதிரும். கட்டைத்தான் வெட்டும், தோலை வெட்டாது. ஆனால் சத்தம் பொல்லாதது. கனகராயன்குளத்து லொறிச் சாரதி ஒருவர், மலை மாதிரி ஆள், வாளைப் போட்டதும் மேசைக்குக் கீழே போய்விட்டார். எழும்பச் சொன்னேன். எழும்பவில்லை. டொக்டர் வாளைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "பாருங்கோ, வெட்டயில்லை." அவர் கண்ணைத் திறந்தால்தானே பார்ப்பார். கடைசியில் நாங்களும் மேசைக்குக் கீழே போய் இருந்து வெட்டினோம். வெளியே வந்ததும் அவர் சொன்னார், "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." இப்போது சொல்லிவிட்டேன். பேர் சொல்லவில்லை.

கட்டுப் போட்ட பிறகு டொக்டர் செய்கிற வேலை ஒன்று இருந்தது. காது மேல் செருகிய பென்சிலை எடுத்து, ஈரக் கட்டில் முறிவின் படத்தைக் கீறுவார். முறிந்த நாள், கட்டிய நாள், கழற்றுகிற நாள் எழுதுவார். பிறகு கால் பெருவிரல் நகத்தை அமத்துவார். வெளிறும். விடுவார். சிவக்கும். விரலை ஆட்டச் சொல்வார். ஆள் நோகவில்லை என்று சொன்னாலும் விட மாட்டார்.

"ஆளைக் கேக்காதேங்கோ. எங்கட சனம் நோகுது எண்டு சொல்லாது. விரலைப் பாருங்கோ."

இதை எனக்கு நூறு தரம் சொல்லியிருப்பார்.

யோசப்பின் என்ற பிள்ளை முல்லைத்தீவுக் கரைப்பக்கம். நாற்பது வயது இருக்கும். கருவாடு காயப்போடுகிற வேலை. புருஷன் சேவியர் களப்பில் இறால் பிடிக்கிறவன். அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கடைசிச் சண்டையில் போனது. பொய்க்கால் போட்டு நடந்தாள். நடை பார்த்தால் தெரியாது.

அன்று விடிய வள்ளத்தில் இருந்து கூடை இறக்கியிருக்கிறாள். பொய்க்கால் ஈரப் பலகையில் வழுக்க, நல்ல கால் வள்ளத்துக்கும் உருட்டுக் கட்டைக்கும் இடையில் போய் நசிந்துவிட்டது. பத்து மணிக்குக் கொண்டு வந்தார்கள்.

"அண்ணை, ஒரு கால் மிச்சம் இருக்கெண்டு கொஞ்சம் பெருமையில திரிஞ்சனான்" என்றாள். "ஆண்டவருக்குக் கண் பட்டிட்டுது."

"கதையாம இரு" என்றான் சேவியர்.

"ஏன், வாயும் முறிஞ்சதோ?"

படம் எடுத்துப் பார்த்தோம். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே பெரிய எலும்பில் வெடிப்பு. விலகவில்லை. கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

டொக்டர் அரைக்கட்டுப் போடச் சொன்னார். அரைக்கட்டு என்றால் பின்பக்கம் மட்டும் தகடு மாதிரி. முன்பக்கம் துணிச் சுருள். வீங்கினால் இடம் கொடுக்கும். வீக்கம் வற்றிய பிறகு முழுக்கட்டு.

யோசப்பின் கேட்டாள், "அதோட கால் நிலத்தில முட்டலாமோ டொக்டர்?"

"முட்டக் கூடாது."

"அப்ப நான் கக்கூசுக்கு எப்பிடிப் போறது? பொய்க்கால்ல மட்டும் நிக்கேலாது."

"சட்டி வைப்பினம்."

"அது மட்டும் முடியாது."

"நான் தூக்குவன் டொக்டர்" என்றான் சேவியர். "விடமாட்டா. சண்டை நேரம் ஒருக்காத் தூக்கினனான். இப்பவும் சொல்லிக் காட்டுறா, நான் விழுத்தினதாம்."

"விழுத்தினதுதானே!"

டொக்டர் சிரித்தார். யோசித்தார். "சரி, முழுக்கட்டு. இண்டைக்கும் நாளைக்கும் முட்டக் கூடாது, சட்டிதான். அதுக்குப் பிறகு மெல்ல முட்டலாம்." என் பக்கம் திரும்பினார். "போட்டவுடன் முன்பக்கம் மேலயிருந்து கீழ வரை வெட்டி விடுங்கோ. பஞ்சும் வெட்டுப்பட வேணும். தோல் தெரிய வேணும்." சொல்லிவிட்டு சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போனார்.

கட்டுப் போட்டேன். நல்ல கட்டு. அதில் பிழை இல்லை. சேவியர் பாதத்தைப் பிடித்தான். விரல் ஐந்தும் தெரிந்தன. பெருவிரலை அமத்திப் பார்த்தேன். சிவந்தது.

பிறகு வாளை எடுத்தேன். மின்சாரத்தில் சொருகிப் பார்த்தேன், ஓடுகிறதா என்று. யோசப்பினின் முகம் வெளிறிவிட்டது. அதுவரை பகிடி விட்டுக்கொண்டிருந்த பிள்ளை.

"அண்ணை, அது வேண்டாம்."

"தோலை வெட்டாது பிள்ளை."

"தெரியும். மற்றக் காலை எடுக்கேக்க மயக்கம் சரியா வேலை செய்யயில்லை. எனக்குச் சத்தம் கேட்டது."

வாளை வைத்தேன். ஈரக் கட்டைக் கத்தியாலும் வெட்டலாம். கத்தி தட்டில் இருந்தது. எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இண்டைக்கு வேண்டாம் அண்ணை. கொஞ்சம் ஆறட்டும். நோக வெளிக்கிட்டா நானே சொல்லுறன்."

பிடித்த கையை விடவில்லை. நான் கத்தியைத் திரும்பத் தட்டில் வைத்தேன். பின்னேரம் வெட்டுவோம் என்று நினைத்தேன். நோயாளர் வாட்டுக்கு அனுப்பினேன். வெட்டவில்லை என்று அவளோடு அனுப்பிய துண்டுச் சீட்டில் எழுதவில்லை. டொக்டருக்கும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு வேலை முடிந்து வாட்டுக்குப் போனேன். கத்தியும் கொண்டு போனேன். யோசப்பின் கட்டிலில் படுத்திருந்தாள். பொய்க்கால் கட்டிலுக்குக் கீழே நின்றது. இடுப்பு வரை போர்வை. கால் இல்லாத பக்கம் தட்டையாகத் தெரியாதபடி அந்த இடத்தில் ஒரு துவாயைச் சுருட்டி வைத்து மூடியிருந்தாள். கால் இழந்த பெண்கள் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் படுப்பார்கள். புதிய ஆட்கள் போர்வையைத் தூக்கிவிடுவார்கள். நாங்கள் தூக்க மாட்டோம். கேட்போம்.

கேட்டேன். "எப்பிடிப் பிள்ளை? நோகுதோ?"

நெற்றி வேர்த்திருந்தது. "ஓம் அண்ணை."

"எந்தக் கால்?"

போர்வையை இழுத்துச் சரி செய்தாள். பிறகு சொன்னாள், "இல்லாத கால்."

இதை வெளியூர் ஆட்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். கால் போன பிறகும் அந்தக் கால் நோகும். இல்லாத விரல் எரியும். இல்லாத குதி கடிக்கும். எங்கள் பக்கத்தில் இது தலையிடி மாதிரி. வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பார். அவர்கள் இதற்கு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. வந்தாலும் பனடோல் மாத்திரைதான். மழை இருட்டினால் கூடும். அன்று மழை இருட்டியிருந்தது.

"மழைக்குணம்" என்றேன்.

"ஓம். இது இப்பிடித்தான்."

"மற்றக் கால்?"

"அது சும்மா கிடக்குது."

வாட்டு நேர்ஸ் மிஸ்ஸிடம் போய், இல்லாத கால் நோவு, ஏதும் குடுங்கோ என்று நானே சொன்னேன். அவர் தலையாட்டினார். அவரும் எங்கள் பக்கத்துப் பிள்ளை. அவருக்கும் விளங்கியது.

நோவு கட்டுப் போட்ட காலில் இல்லை என்று வெட்டாமலே கத்தியைக் கொண்டு போய் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

அடுத்த நாள் ஏழு மணிக்கு நேரே வாட்டுக்குப் போனேன். என்னவோ போகச் சொன்னது. மிஸ் வாசலில் சொன்னார், "விடிய விடிய முனகினவா. ரெண்டு ஊசி போட்டது. அந்த இல்லாத கால்தான் எண்டு சொன்னவா."

நான் போர்வையைத் தூக்கினேன்.

ஐந்து விரலும் வெளியே தெரிந்தன. வீங்கி, நீலம் பாரித்து. தொட்டேன். குளிர். நகத்தை அமத்தினேன். வெளிறியது. விட்டேன். வெளிறியபடி இருந்தது.

"விரலை ஆட்டு பிள்ளை."

"ஆட்டுறன்" என்றாள்.

விரல் ஆடவில்லை.

அங்கேயே கட்டைப் பிளந்தேன். வாளுக்கு அவள் பயப்படவில்லை. சத்தமும் போடவில்லை. கால் உள்ளே பளபளவென்று கல் மாதிரி இருந்தது. டொக்டர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் கண்டது அன்றுதான். பாதத்தில் நாடியைத் தேடினார். நீண்ட நேரம் தேடினார். பிறகு சத்திரசிகிச்சைக் கூடத்தில் தோலைக் கீறி இறுக்கத்தைத் திறந்தார். நானும் நின்றேன். நல்ல சதை என்றால் சிவந்து துடிக்கும். அது பழைய மீனின் செவுள் நிறத்தில் இருந்தது. துடிக்கவில்லை.

கையைக் கழுவும்போது டொக்டர் கேட்டார்.

"வெட்டயில்லையோ?"

"இல்லை சேர்."

"பின்னேரம் பாத்தனீங்களோ?"

"நாலு மணிக்குப் போனனான்."

"விரலைப் பாத்தனீங்களோ?"

"இல்லை சேர். கேட்டனான்."

குழாயைப் பூட்டினார். மிக மெதுவாக "சரி" என்றார்.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம். ஐந்தாம் நாள் அந்தக் காலையும் எடுத்தார்கள்.

விசாரணை நடந்தது. டொக்டர் எழுதிக் கொடுத்தது எனக்குப் பிறகுதான் தெரியும். வீக்கம் உள்ள காலுக்கு முழுக்கட்டுக்கு இணங்கியது தான் செய்த தவறு என்று எழுதியிருந்தார். என் பேர் அதில் இல்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். டொக்டர் வெட்டச் சொன்னார், நான்தான் வெட்டவில்லை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். ஒரு கடிதம் வந்தது, இனிக் கவனமாக இருக்கவும் என்று. அவ்வளவுதான். வேலையால் நிறுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அடுத்த கிழமையே கட்டுப் போட விட்டார்கள். போட்டேன். டொக்டர் மாற்றலாகிப் போகும் வரை என்னோடு முன்போலத்தான் கதைத்தார். அதுவும் இலகுவாக இல்லை.

சேவியரை ஒருநாள் சந்தையில் கண்டேன். நான் விலகிப் போகப் பார்த்தேன். அவனே வந்தான்.

"அண்ணை, சாப்பிட்டீங்களோ?"

"ஓம். யோசப்பின் எப்பிடி?"

"இப்ப தூக்க விடுறா" என்றான். இறால் பையைக் கை மாற்றிப் பிடித்தபடி நின்றான். நானும் நின்றேன். பிறகு போய்விட்டான்.

அதன் பிறகு பத்து மாதம் இருக்கும். பொய்க்கால் செய்கிற இடத்தில் இருந்து ஆள் அனுப்பினார்கள். பொய்க்காலுக்கு முதலில் அச்சு எடுக்க வேண்டும். மிஞ்சியிருக்கிற காலில் மாச் சுருளைச் சுற்றி, இறுகியதும் கழற்றினால் அதுதான் அச்சு. அதை அங்கேயே செய்வார்கள். என்னை எதற்கு என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை நீங்கள்தான் சுத்த வேணுமாம்."

போனேன். யோசப்பின் உருள் கதிரையில் இருந்தாள். மெலிந்துவிட்டாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. சேவியர் வெளியே நின்றான்.

"வாங்கோ அண்ணை. இப்ப ரெண்டும் ஒரு உயரம். இனி நொண்டுறா எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

நான் சிரிக்கவில்லை. துணி உறையை இழுத்து மாட்டினேன். சுருளை நனைத்தேன். சுற்றத் தொடங்கினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு நோகினது இந்தக் கால்தான். எனக்குத் தெரியும்."

நான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"முந்திப் போன கால் நோகுது, விரைக்குது எண்டு நான் சொன்னபடியாத்தான் வெட்டினவை. பங்கர் குழிக்குள்ள கிடந்து கத்தினனான். சேவியர் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு மணித்தியாலத்தில எடுத்திட்டினம். கட்டுப் போட்ட அண்டைக்கும் சொன்னா வெட்டுவினம் எண்டு பயந்தனான். சொல்லாட்டி விட்டிடும் எண்டு நினைச்சன். நீங்கள் எந்தக் கால் எண்டு கேட்டீங்கள். எனக்கு வாயில அதுதான் வந்தது."

"இப்ப ஏன் பிள்ளை சொல்லுறாய்?"

"நீங்கள் விசாரணையில உங்கட பிழை எண்டு சொன்னதாம் எண்டு கேள்விப்பட்டனான். அதுதான்."

அது உண்மையா, என்னை ஆற்றச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உண்மையாகத்தான் இருக்கும். இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அவள் பயந்து பொய் சொன்னாள். பயந்த ஆள் பொய் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அதைச் சொல்லித் தந்திருந்தார்கள். விரல் பொய் சொல்லாது. அது என் கைக்கு எட்டிய தூரத்தில்தான் கிடந்தது.

சுருளை முடித்து உள்ளங்கையால் தடவினேன். சூடு ஏறத் தொடங்கியது. இறுகுகிறது என்று அர்த்தம்.

"இறுக்கமா இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை."

அவள் முகத்தைப் பார்த்தேன். சும்மாதான் இருந்தாள். அது அச்சுக்கட்டு. ஐந்து நிமிடத்தில் கழற்றுகிற சாமான். இறுகினாலும் ஒன்றும் வராது. எனக்கு அது தெரியும்.

கத்தரிக்கோலை எடுத்து மேலிருந்து கீழ் வரை வெட்டினேன். தோல் தெரியும் வரை வெட்டினேன். அச்சுப் பழுதாகிவிட்டது. புதுச் சுருள் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் விட்டேன்.